மின்சாரமா, காஸா, விறகா? சென்னையில் பீங்கான் சுடச் சூளை தேடுகிறவர்களுக்கு

சக்கரத்தில் கை பழகி, சாதாரண உயர்சூட்டுக் களிமண்ணான ஸ்டோன்வேரிலிருந்து பீங்கான் மண்ணுக்கு மாறியவர்கள் கொஞ்ச நாளில் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "சொந்தமா ஒரு சூளை வைக்கலாம்னு இருக்கேன். எலெக்ட்ரிக் வாங்கவா, காஸ் வைக்கவா, இல்ல ஈசிஆர் பக்கம் இடம் பிடிச்சு விறகுச் சூளையே போட்டுடவா?" கேட்கும்போதே அவர்கள் மனசு மூன்றாவதில் இருப்பது தெரிந்துவிடும். சாம்பல் வழிந்து உறைந்த வெள்ளைக் கிண்ணத்தை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை லேசில் போகாது.

இருந்தாலும் நான் திருப்பிக் கேட்பது வேறொன்று: வருஷத்துக்கு எத்தனை முறை உங்களால் ஒரு சூளையை நிரப்ப முடியும்? நெருப்பின் வகை, செலவு, இடம் எல்லாம் இதற்குப் பிறகுதான். ஏன் என்று விறகுச் சூளைப் பகுதியில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

எதை வைத்து எடை போடுவது

பீங்கான் மண்ணின் குணத்தைப் பார்த்துவிட்டால் அளவுகோல்கள் தாமாகவே கிடைக்கும். பழைய வாய்ப்பாட்டுக் கலவை, நூற்றுக்குக் கயோலின் என்கிற வெள்ளைக் களிமண் 50, சூட்டில் உருகிப் பிணைக்கும் ஃபெல்ட்ஸ்பார் கல் 25, குவார்ட்ஸ் 25. வனைய வசதியாகக் கொஞ்சம் பென்டோனைட் என்கிற பசைக் களிமண் சேர்ப்பார்கள். இந்தக் கலவை முழுசாக வெந்து, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிகிற பதத்துக்கு வர 1280 முதல் 1300 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் பாத்திரம் லேசாக இளகி நிற்கும். வனைந்ததிலிருந்து சுட்டு முடியும்வரை 12 முதல் 15 சதவீதம் சுருங்கும். சக்கரத்திலிருந்து எடுக்கும்போது விளிம்பு ஒரு பக்கம் நசுங்கி, நீங்கள் அதை நிமிர்த்தி வைத்திருந்தாலும், சூளைக்குள் போனதும் பழைய நசுங்கலுக்கே திரும்பும். ஸ்டோன்வேர் மன்னிக்கிற பல விஷயங்களைப் பீங்கான் மன்னிக்காது.

ஆக, பார்க்க வேண்டியவை இவை. உங்களுக்கு எந்த வெள்ளை வேண்டும், எந்த மேற்பரப்பு வேண்டும்? எங்கே குடியிருக்கிறீர்கள், அடுக்ககமா தனி வீடா? மாதத்துக்கு எத்தனை பாத்திரம் தேறும்? எத்தனை போனால் தாங்குவீர்கள்? கூட நிற்க ஆள் உண்டா? விலைப்பட்டியலில் எழுதாத செலவுகள் என்னென்ன?

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். ஊரில் குயவர்கள் வைக்கோலும் விறகும் அடுக்கி, மேலே மண் பூசி ஒரே நாளில் சுட்டுவிடுகிறார்களே, அப்படிச் சுட முடியாதா? முடியாது. அந்தச் சூளை 800, 900 டிகிரி வரை போகும். மண்பானைக்கு அது போதும். பீங்கானுக்கு அதற்கு மேலும் 400 டிகிரி ஏற வேண்டும். அங்கே சாதாரணச் செங்கல்லே உப்பி உருகத் தொடங்கிவிடும். தீச்செங்கல், புகைக்கூண்டு, கணக்காக அமைந்த காற்றிழுப்பு எல்லாம் இருந்தால்தான் அந்த உயரத்தை எட்ட முடியும்.

மின்சூளை

சென்னையில் அடுக்கக வீட்டில் இருந்துகொண்டு பீங்கான் செய்கிறவருக்கு நடைமுறையில் உள்ள முதல் வழி இதுதான். புகை இல்லை, சத்தம் இல்லை, ஒருவரே போதும். கன்ட்ரோலரில் அளவைப் போட்டுவிட்டுப் பக்கத்து அறையில் வேலை பார்க்கலாம். தூங்கப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன்.

காற்று தாராளமாக உள்ள சூளை என்பதால் இதில் வரும் வெள்ளை சற்றுக் கதகதப்பானது, தந்தம் மாதிரி. மண்ணில் இருக்கும் துளி இரும்பும் டைட்டானியமும் அந்த மஞ்சள் சாயையைக் கொடுக்கின்றன. செம்பு கலந்த கிளேஸ் (பாத்திரத்தின் மேல் கண்ணாடிபோல் உருகும் பூச்சு) பச்சையாகவே வரும். செலடன் என்கிற அந்த நீலப்பச்சையை இதில் எதிர்பார்க்காதீர்கள். அடிவண்ணம் தீட்டுவது, நுணுக்கமாகக் கோலம் இழைப்பது, ஒரே மாதிரி ஆறு கோப்பை விற்பது என்றால் இதற்கு இணை கிடையாது.

சரி, மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது மும்முனை இணைப்பு, கனமான வயரிங், நல்ல எர்த். இரண்டாவது மின்கட்டணம். 9 கிலோவாட் சூளை ஒன்று பீங்கான் சூட்டுக்குப் போய் வர ஏறக்குறைய 50 முதல் 70 யூனிட் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுடுதலான பிஸ்க் தனி. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் அதிக விலை என்று நினைக்க வேண்டாம், கீழ்ப்படியின் கட்டணமும் ஏறும். ஏசி ஓடுகிற மே மாதத்தில் இரண்டு சுடுதல் சேர்ந்தால் பில்லைப் பார்த்து வீட்டில் பேச்சு வரும். விற்பனைக்குச் செய்கிறீர்கள் என்றால் வீட்டு இணைப்பிலேயே ஓட்டலாமா என்று மின்வாரிய அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது வோல்டேஜ். பலர் கவனிப்பதே இல்லை. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் சூளையின் திறன் 10 அல்ல, சுமார் 19 சதவீதம் குறையும். 1100 வரை சாதாரணமாக ஏறிய சூளை 1250-இல் நின்றுகொண்டு மேலே போகவே மறுக்கும். கோடைக்கால மாலையில், ஊர் மொத்தமும் ஏசி போட்டிருக்கும் நேரத்தில், உச்சச் சூடு வருகிற மாதிரி சுடுதலை வைக்காதீர்கள். நடுநிசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, சூளையைச் சூடாக்கும் கான்தல் கம்பிகள். 1280-க்குத் திரும்பத் திரும்பப் போனால் அவை சீக்கிரம் தளரும், அப்போது ஒன்றை மட்டும் மாற்றினால் சரியாக வராது, மொத்த செட்டும் மாற்ற வேண்டும். காற்றைக் குறைத்துப் புகையோடு சுடும் குறைகாற்றுச் சூட்டை மின்சூளையிலேயே உண்டாக்கலாம் என்று உள்ளே கரித்துண்டு போட்டுப் பார்க்கிறவர்கள், கம்பியின் மேல் காவலாக இருக்கும் அலுமினா படலத்தையே கெடுத்துக்கொள்கிறார்கள். சூட்டை அளக்கும் சாதாரண கே வகை தெர்மோகப்பிளும் இந்தச் சூட்டில் நாளடைவில் பொய் சொல்லும். எண்ணைப் பார்த்து நம்பாமல் சூளையின் ஒவ்வொரு தட்டிலும் கோன் வையுங்கள், குறித்த சூட்டில் வளையும் எண் போட்ட சிறு மண்கூம்பு அது. பாலவாக்கம், நீலாங்கரை என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் உண்டு. வெளித் தகடும் கம்பி முனைகளும் துருப்பிடிக்கும்.

இதற்கெல்லாம் ஒரு நல்ல சமாதானம், கோன் 6 வகைப் பீங்கான். 1220, 1240 டிகிரியிலேயே வெந்து ஒளி ஊடுருவும்படி கலந்த மண் அது. கம்பி ஆயுளும் யூனிட்டும் மிச்சம். மின்சூளைதான் என்று முடிவானால் நான் முதலில் இந்த மண்ணைத்தான் முயலச் சொல்வேன்.

காஸ் சூளை

பீங்கான் தன் முழு அழகைக் காட்டுவது குறைகாற்றுச் சூட்டில் என்று நம்புகிறவன் நான். சுமார் 900, 1000 டிகிரியிலிருந்து புகைக்கூண்டை அடைக்கும் பலகையான டாம்பரை ஒடுக்கி, உள்ளே ஆக்சிஜன் போதாமல் செய்தால், நெருப்பு மண்ணிலும் கிளேஸிலும் இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சத் தொடங்கும். வெள்ளை, லேசான நீலம் கலந்த குளிர்ந்த வெள்ளையாகும். ஒரு சதவீதம் அளவுக்கே இரும்பு கலந்த கிளேஸ் செலடனாகும். செம்பு சிவப்பாகும். விறகுச் சூளையைத் தேடுகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது இதுதான். சாம்பலைத் தேடுவதாக நினைத்துக்கொண்டு செலடனைத் தேடுகிறார்கள்.

ஆனால் இடம்தான் சிக்கல். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். கீழ்த்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தில், தாழ்வான அறையில் காஸ் சூளை வைக்கவே கூடாது. குறைகாற்றுச் சூட்டில் கார்பன் மோனாக்சைடும் வரும். நாலு பக்கமும் திறந்த கொட்டகை வேண்டும். வீட்டு அடுப்பு சிலிண்டரை இதற்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். சின்னச் சூளைகூட ஒரு பீங்கான் சுடுதலுக்கு ஒரு சிலிண்டரைக் காலி செய்துவிட்டு அடுத்ததில் கை வைக்கும். ஒரே சிலிண்டரிலிருந்து வேகமாக இழுத்தால் அது பனி பூத்து அழுத்தம் குறையும், அதனால் இரண்டு மூன்றை இணைத்து வைக்க வேண்டியிருக்கும். கடைசி நூறு டிகிரியில் காஸ் தீர்ந்தால் அந்தச் சுடுதல் போனதுதான்.

உள்ளே செராமிக் ஃபைபர் போர்த்திய சூளை என்றால் முகமூடி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். பழசானதும் உதிரும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல்.

தாம்பரம் தாண்டி, பூந்தமல்லி தாண்டித் தனி இடம் உள்ளவருக்கும், செலடனில் மனசு உள்ளவருக்கும், மாதம் ஒருமுறையாவது சூளையை நிரப்பக்கூடியவருக்கும் காஸ் சரி. கூட ஆள் இல்லாமல் ஒருவரே சுட முடியும், ஆனால் சூளையை விட்டு நகர முடியாது.

விறகுச் சூளை

பீங்கானுக்கும் விறகுக்கும் உறவு புதிதல்ல. சீனத்தின் சிங்தெசென்னில் நூற்றாண்டுக் கணக்கில் பைன் விறகில்தான் சுட்டார்கள். ஆனால் அவர்கள் பாத்திரத்தை மூடிய மண்பெட்டிக்குள் வைத்து, சாம்பல் ஒரு துளி படாமல் காப்பாற்றினார்கள். அவர்கள் தவிர்க்கப் பாடுபட்டதை வரவழைக்க நாம் பாடுபடுகிறோம்.

விறகுச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாஷும் இருக்கின்றன. 1240, 1250-க்கு மேல் அது பாத்திரத்தின் மேல் உருகிக் கண்ணாடியாகிறது. ஸ்டோன்வேரில் இது பழுப்பும் பச்சையுமாகக் கலந்துவிடும். பீங்கானில் வெள்ளைப் பரப்பின் மேல் தெளிந்த பச்சையாகத் தனித்து நிற்கும். நெருப்பு தடவிப்போன இடத்தில் இளஞ்சிவப்புப் பூச்சு வரும். இது கிளேஸ் வாளியில் கிடைக்காது.

சென்னைப் பக்கம் விறகு என்றால் சவுக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக, செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர் வரை தோப்புகள். நல்ல சூடு, நேரான கட்டை, பிளக்க எளிது. ஆனால் காகித ஆலைக்கும் சாரத்துக்கும் அதே மரம் போகிறது, அதனால் விலை உங்கள் கையில் இல்லை. சீமைக் கருவேலம் மலிவு, சூடும் உண்டு, ஆனால் கோணல்மாணலாக இருக்கும், எரிந்தபின் கங்கு நிறைய நிற்கும். கங்கு ஏறி எரிப்பறை அடைத்துக்கொண்டால் சூடு ஏறாமல் முரண்டு பிடிக்கும். விறகுத் தொட்டியில் எடை போட்டு வாங்கும்போது பச்சைக் கட்டையின் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். பொங்கல் கழித்து வாங்கி, பிளந்து, கொட்டகைக்குள் அடுக்கி, பங்குனியில் சுடுவது நல்ல கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் நினைக்கவே வேண்டாம். விறகு மட்டுமா, செங்கல் குடித்திருக்கும் ஈரத்தை ஓட்டவே பாதி விறகு போய்விடும்.

ஒரு கன மீட்டர் அளவுள்ள, சீக்கிரம் சூடேறும் வகைச் சூளைக்கே அரை டன்னிலிருந்து ஒரு டன் வரை விறகு வேண்டும். அரை நாளுக்கு மேல் விடாமல் தீனி போட வேண்டும். ஜப்பானிய அனகாமா வகை என்றால் நாள்கணக்கு, பல டன். கட்டை போட்டதும் புகைக்கூண்டிலிருந்து கரும்புகை எழும், பார்வைத் துளையில் தீ நாக்கு நீட்டும். புகை வெளுத்து நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டதும் அடுத்த கட்டு. உச்சத்தை நெருங்க நெருங்கக் கட்டை மெலிந்துகொண்டே போக வேண்டும், கடைசியில் இரண்டு விரல் தடிமன். சாம்பல் எவ்வளவு படிந்தது என்று பார்க்க, முன்பே உள்ளே வைத்த மண் வளையத்தை இரும்புக் கம்பியால் கோத்து வெளியே இழுப்பார்கள். செந்நிறமாக வந்து, தண்ணீரில் சீறி, கையில் எடுக்கும்போது பச்சைக் கண்ணாடி பூத்திருக்கும்.

அடுக்குவதே தனி வேலை. சாம்பல் எங்கும் ஒட்டும் என்பதால் ஒவ்வொரு அடியிலும் அலுமினாவும் கயோலினும் பிசைந்த சிறு உருண்டைகள் வைக்க வேண்டும். கோப்பையைப் படுக்க வைத்துச் சுட விரும்புகிறவர்கள் கிளிஞ்சல் ஓட்டுக்குள் அந்த மாவை அடைத்து அதன் மேல் சாய்ப்பார்கள். சூளையில் ஓடு சுண்ணாம்பாகிவிடும். எடுத்துத் தண்ணீரில் போட்டால் பொலபொலவென்று நீர்த்து விழும், கோப்பையில் வரிவரியாக அதன் தடம் நிற்கும். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்துச் சுவர் பூசிய ஊர்தான் இது.

இப்போது முதலில் சொன்ன கணக்கு. ஒரு கன மீட்டர் சூளையில் காபிக் கோப்பை அளவுச் சாமான் சில நூறு பிடிக்கும். 300 என்று வைப்போம். வேலைக்குப் போய்க்கொண்டே பீங்கான் செய்கிறவருக்கு, வனைந்ததில் கோணியதும் விரிந்ததும் போக, வாரத்துக்கு 20 தேறினால் பெரிது. அப்படியானால் ஒரு சூளை நிரம்ப 15 வாரம். அதுவரை செய்ததையெல்லாம் சுடாமல் வைத்திருக்க வேண்டும். அதாவது, ஜனவரியில் செய்த தப்பு மே மாதத்தில்தான் தெரியும், நடுவே அதே தப்பை 15 வாரம் செய்திருப்பீர்கள். பாதிச் சூளை சுடலாமே என்றால், காலி இடத்தில் நெருப்பு தன் போக்கில் ஓடும், விறகும் அவ்வளவாகக் குறையாது. கடைசியில் சூளையை நிரப்புவதற்காகவே எதையாவது வனையத் தொடங்குவீர்கள். இது நடப்பதை நிறைய இடத்தில் பார்க்கிறேன்.

சேதமும் கூட. எரிப்பறைக்குப் பக்கத்திலும் பின்னாலும் சூடு ஒன்றாக இருக்காது. பீங்கான் இளகி நிற்கும் நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் சாம்பல் ஏறினால் விளிம்பு முட்டை வடிவாகும், கைப்பிடி வைத்த பக்கம் சாயும். அடுக்கில் முதல் வரிசைக்குத் தடித்த ஜாடிகளை வைத்துவிட்டு, மெல்லிய கோப்பைகளை நடுவில் வைப்பது வழக்கம்.

இடத்தைப் பற்றி இரண்டு விஷயம். கேளம்பாக்கம், திருப்போரூர் தாண்டிக் குத்தகைக்கு இடம் பிடித்துச் செங்கல் சூளை கட்டினால், குத்தகை முடிகிற அன்று சூளையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. சுற்றிலும் சவுக்குத் தோப்பு இருந்தால் கீழே கிடக்கும் சருகுக்கு ஒரு பொறி போதும். ஊராட்சியிலும் பக்கத்துக் கொல்லைக்காரரிடமும் முன்பே பேசிவிடுங்கள். எரிப்பறை வாய் கிழக்கே பார்க்க வைத்தால் மதியம் கிளம்பும் கடற்காற்று நேராக உள்ளே அடித்து இழுப்பைக் குலைக்கும்.

நாலைந்து பேர் சேர்ந்து வேலை செய்கிற குழு, நீண்ட காலத்துக்கு உறுதியான இடம், வருஷத்துக்கு மூன்று முறையாவது முழுசாக நிரப்பும் உற்பத்தி. இம்மூன்றும் இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்பேன்.

பிறர் சூளையில் இடம் வாங்குவது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை, ஆனால் பலருக்குப் பொருந்துவது இதுதான். புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைச் சுற்றி ஒரு பெரிய குயவர் வட்டாரமே வளர்ந்திருக்கிறது. விறகில் சுடுகிறவர்களை ஆரோவில் பக்கம் தேடலாம். சென்னைக்குள்ளேயே கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி மண்டல மையத்தில் செராமிக் பட்டறை உண்டு. தனியார் பட்டறைகள் சில, தட்டுக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு சுட்டுத் தருவார்கள்.

உங்கள் மண் எது, எந்தக் கோனில் வேகும் என்று கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். தாழ்ந்த சூட்டு மண் ஒன்று நழுவிப் போய் உருகினால் அவர்கள் தட்டுக்கு நீங்கள்தான் காசு கட்ட வேண்டும். ஈசிஆரில் 150 கிலோமீட்டர் சுடாத பச்சைப் பாத்திரத்தை எடுத்துப் போகாதீர்கள், பிஸ்க் சுட்டு எடுத்துப் போங்கள். அவர்கள் நாளுக்கு நீங்கள் காத்திருக்க வேண்டும், எந்த மூலையில் வைப்பது என்பதும் அவர்கள் முடிவு. காசோடு கூடப் போய்த் தீனி போடவும் நில்லுங்கள். விறகுச் சூளையைக் கற்றுக்கொள்ள அதைவிட மலிவான பாடம் இல்லை.

ஒரே பார்வையில்

| | மின் | காஸ் | விறகு | பிறர் சூளை |
|---|---|---|---|---|
| வெள்ளை | தந்த நிறம் | நீலம் கலந்தது | சாம்பல், இளஞ்சிவப்புப் பூச்சு | அந்தச் சூளையைப் பொறுத்தது |
| இடம் | அறை போதும் | திறந்த கொட்டகை | ஊருக்கு வெளியே நிலம் | தேவையில்லை |
| ஆள் | ஒருவர் | ஒருவர், நகராமல் | நாலைந்து பேர் | நீங்கள் கை கொடுத்தால் நல்லது |
| நிரப்ப | சில வாரம் | ஒரு மாதம் | சில மாதம் | ஒரு தட்டு போதும் |
| சேதம் | குறைவு | நடுத்தரம் | அதிகம் | வழி தூரமும் சேரும் |
| மறைந்த செலவு | கம்பி, மும்முனை இணைப்பு | கொட்டகை, கூடுதல் சிலிண்டர் | குத்தகை, விறகுக் கொட்டகை, நேரம் | போக்குவரத்து, காத்திருப்பு |

நான் யாருக்கு எதைச் சொல்வேன்

அடையாறு, அண்ணா நகர் அடுக்ககத்தில் இருந்து வார இறுதியில் செய்கிறவருக்கு: கோன் 6 மண், சிறிய மின்சூளை, வருஷத்துக்கு ஓரிரு முறை புதுச்சேரிப் பக்கம் விறகுச் சூளையில் ஒரு தட்டு, அதற்கு மட்டும் அந்தச் சூட்டைத் தாங்கும் உயர்சூட்டுப் பீங்கான் மண். செலடன்தான் வேண்டும் என்று உறுதியாக இருக்கிற, தனி இடம் உள்ளவருக்கு காஸ். ஏற்கெனவே மாணவர்களை வைத்துப் பட்டறை நடத்துகிறவர், மாணவர்கள் செய்வதும் சேர்ந்து சூளை நிரம்பும் என்றால், விறகைப் பற்றி யோசிக்கலாம்.

எதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். நீங்கள் வனையும் அதே மண்ணில் ஒரே மாதிரி ஆறு சிறு கிண்ணம் செய்து, இரண்டு இரண்டாக மூன்று வகைச் சூளைக்கும் காசு கொடுத்து அனுப்புங்கள். திரும்பி வந்ததும் சாப்பாட்டு மேசையில் ஒரு மாதம் புழங்குங்கள். எதில் ரசம் ஊற்றிக் குடிக்க உங்கள் கை தானாகப் போகிறது என்று பார்த்துவிட்டு, அந்தச் சூளையின் விலையை விசாரிக்கத் தொடங்குங்கள்.